பல் கிளினிக் மாடியில் ஹெலிகாப்டர் தளம்

ஜனவரி 12

அன்புத் தம்பி சுண்டுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே இருவரும் சுகம். உன் முதுகுவலி எந்த மட்டில் இருக்கிறது? நாள் முழுக்க வரைபடத்தின் முன்னால் குனிந்து உட்கார்ந்து கூன் போட்டுவிடாதே.

நீ அனுப்பிய ட்ரோன் உடையாமல் வந்து சேர்ந்தது. உன் அத்தான் பெட்டியைப் பிரித்த அழகை நீ பார்த்திருக்க வேண்டும். பஸ் டிப்போவில் நேரக்காப்பாளராக இருந்தவரை, எந்த பஸ் எப்போது போனது, எப்போது வந்தது என்று எழுதிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற பிறகு நான் எப்போது போகிறேன், எப்போது வருகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது எனக்கு விடுதலை. ட்ரோனுக்குத் தும்பி என்று பெயர்கூட வைத்தாயிற்று. முட்டிவலி என்று கடைக்குப் போகாத மனுஷன், விடிந்ததும் மொட்டை மாடிக்கு ஏறிவிடுகிறார்.

போனில் பேசலாம்தான். ஸ்பீக்கரில் போட்டு அவரே பேசி முடித்துவிடுகிறார், என் முறை வருவதற்குள் நீ தூங்கப் போய்விடுகிறாய். ஆகவே நான் காகிதத்தை விடுவதாக இல்லை. வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா

பின்குறிப்பு: மாப்பிள்ளை, உன் அக்கா எழுதியதை வாசித்தேன். பாதி பொய். முட்டி இன்னும் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் தும்பி பிரமாதம். மேலேயிருந்து பார்த்தால் தெருச் சங்கத் தலைவர் வீட்டு மாடியில்தான் பாசி அதிகம். தலைவர் யார் என்று உனக்கே தெரியும். - அத்தான்.


பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

சுண்டு எழுதுவது. முதுகு பரவாயில்லை, உங்கள் முட்டியைவிடத் தேவலை.

ட்ரோன் கம்பெனியில் வேலை என்றதும் நான் ஏதோ வானத்தில் பறப்பதாக இங்கே பலருக்கு நினைப்பு. நான் பறக்கவிடுகிறவன் இல்லை, பறக்காமல் பார்த்துக்கொள்கிறவன். விமான நிலையம், சிறைச்சாலை, மின் நிலையம், ஹெலிகாப்டர் இறங்கும் ஆஸ்பத்திரி, இவற்றைச் சுற்றி வரைபடத்தில் சிவப்பு வட்டம் போடுவது எங்கள் பிரிவு. சட்டம் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் கம்பெனியே போட்டுக்கொள்ளும் வட்டம் இது. வட்டத்துக்குள் நின்றுகொண்டு எவ்வளவு அமுக்கினாலும் ட்ரோன் தரையைவிட்டு எழும்பாது. வெளியேயிருந்து பறந்து வந்தாலும் விளிம்பில் அப்படியே நின்றுவிடும். பார்க்கிறவர்கள் ஏதோ மந்திரம் என்பார்கள். எல்லாம் நான் முதுகு வலிக்கப் போட்ட கோடு.

அத்தான், உங்கள் பக்கம் வட்டம் எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன். ராஜாவாகப் பறக்கவிடுங்கள்.

உங்கள்
சுண்டு


மார்ச் 17

அன்புத் தம்பிக்கு,

சுகம்தானே? எனக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடியிருக்கிறது, பெரிதாக ஒன்றுமில்லை. இதை நான் வேலை பார்க்கும் பல் கிளினிக்கில், வரவேற்பு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே டாக்டர் யாருக்கோ கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டிருக்கிறார். இனிமேல் பதிலை இந்த முகவரிக்கே எழுது. வீட்டுத் தபால்பெட்டியில் மழைத் தண்ணீர் இறங்குகிறது.

நீ எழுதினாயே, வட்டம் என்று. அதை ஒரு தெருவுக்கு மட்டும் போட முடியுமா? எங்கள் பின் தெருவுக்கு? தும்பி பறந்தால் காக்கைகள் மிரண்டு ஒரே கூச்சல் போடுகின்றன. அதற்காகக் கேட்கிறேன்.

வேறு செய்தி ஒன்றும் இல்லை. பின் தெருவில் மாடியறையில் தனியாகக் குடியிருக்கும் தையல்காரப் பெண்ணை நினைவிருக்கிறதா? போன தடவை வந்தபோது உன் பேண்டைச் சுருக்கிக் கொடுத்தாளே, அவள்தான். அவள் குளியலறை மொட்டை மாடியிலேயே ஒரு மூலையில் இருக்கிறது. சுவர் உண்டு, கூரை கிடையாது. அக்கம்பக்கத்தில் அதைவிட உயரமான கட்டடம் இல்லை, அதனால் இத்தனை காலம் அவளுக்குக் கூரை தேவைப்படவில்லை. இப்போது நீலத் தார்ப்பாய் ஒன்றை மேலே இழுத்துக் கட்டியிருக்கிறாள். காற்றடித்தால் அது கிளம்பிக்கொண்டு படபடக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மார்ச் 31

அன்புள்ள அக்கா,

ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை ஒழுங்காகப் போடு. நீ மற்றவர்களுக்குத்தான் ஒழுங்கு சொல்வாய்.

காக்கைக்காக வட்டம் போட்ட முதல் கம்பெனி என்ற பெயர் எங்களுக்குக் கிடைத்தால் மேலாளர் என்னை வெளியே பறக்கவிட்டுவிடுவார். தெருவுக்கெல்லாம் போட முடியாது அக்கா. நான் சொன்ன மாதிரி விமான நிலையம், சிறை, ஆஸ்பத்திரி, இப்படி ஏதாவது இருக்க வேண்டும். அத்தானிடம் கொஞ்சம் தள்ளிப் போய், மைதானத்துப் பக்கம் விடச் சொல்லேன். நீ சொன்னால் கேட்கமாட்டாரா?

தையல்காரப் பெண் சுருக்கிய பேண்ட் எனக்கு இப்போது இறுக்குகிறது. அவளுக்கு என் வணக்கம் சொல்.

சுண்டு


ஏப்ரல் 10

தம்பி,

நலம் விசாரிக்க மனசு இல்லை, கோபித்துக்கொள்ளாதே.

காக்கை என்று எழுதியது பொய். அதை எழுதுவதற்கு முந்திய நாள், உன் அத்தான் குளிக்கப் போயிருந்தபோது சாப்பாட்டு மேசையைத் துடைத்தேன். அவருடைய டேப்லெட்டைத் தூக்கி நகர்த்தினேன், திரை விழித்துக்கொண்டது. பின் தெரு மாடிக் குளியலறை, தார்ப்பாய் கட்டுவதற்கு முந்திய படம். ஒரு படம் அல்ல. அதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை. துணியை நனைத்து மறுபடி மேசையைத் துடைத்தேன், டேப்லெட்டை இருந்த இடத்திலேயே வைத்தேன், அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். அவர், சர்க்கரை கம்மி என்றார்.

போன வாரம் அவளிடம் சட்டைக்கு அளவு கொடுக்கப் போயிருந்தேன். நான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறேன், அவள் டேப்பை என் மார்பைச் சுற்றிப் பிடித்திருக்கிறாள். அப்போது கேட்டாள்: "அக்கா, காலையில வண்டு மாதிரி ஒண்ணு என் தலைக்கு மேல வந்து நிக்குது. யாருதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"யாராவது பசங்களா இருக்கும்" என்றேன்.

என் வாயிலிருந்துதான் வந்தது. அவள் டேப்பைச் சுருட்டிக்கொண்டு, "இருக்கும்" என்றாள். தெருவில் குனிந்த தலை நிமிராமல் நடந்து வந்தேன். தெருச் சங்கத் தலைவர் சம்சாரம் என்று நாலு பேர் வழியில் வணக்கம் வைத்தார்கள்.

சுண்டு, நான் எப்படி அவரிடம் கேட்பேன்? கேட்டால் அவர் ஆமாம் என்பார், அல்லது இல்லை என்பார். இரண்டையும் கேட்டுக்கொண்டு அதே வீட்டில் எப்படி இருப்பது? நீ ஏதாவது செய்.

அக்கா


மே 22

அன்புள்ள அக்கா,

பதில் தாமதமாகிவிட்டது. எழுத உட்காருவேன், முதுகு வலிக்கிறது என்று எழுந்துவிடுவேன். முதுகு பாவம், அதன்மேல் பழி போடுகிறேன்.

வட்டம் போட்டுவிட்டேன். உங்கள் வட்டாரத்தில் ஆஸ்பத்திரி எதுவும் இருக்கிறதா என்று தேடினேன், ஒன்றும் இல்லை. உன் பல் கிளினிக்தான் இருந்தது. அதன் மாடியில் ஹெலிகாப்டர் இறங்கும் தளம் இருப்பதாகப் பதிந்துவிட்டேன். சரிபார்க்க வேண்டியவர் என்னை நம்புகிறவர், பார்க்காமலே ஒப்புதல் கொடுத்தார். உங்கள் வீடு, பின் தெரு, அதற்கு அடுத்த தெருவும் வட்டத்துக்குள் வருகின்றன. தும்பி இனி உங்கள் மாடியைவிட்டு ஓர் அங்குலம் எழும்பாது.

நீ அவரிடம் எதுவும் கேட்க வேண்டாம். நானும் கேட்கப் போவதில்லை. இயந்திரம் ஓடவில்லை என்றால் விஷயம் முடிந்தது. இதை இதோடு விடுவோம்.

மாத்திரையை மறக்காதே.

சுண்டு


ஜூன் 5

அருமை மாப்பிள்ளைக்கு,

அத்தான் ஆசிகளுடன் எழுதுவது. நாங்கள் சௌக்கியம், நீ சௌக்கியம் என்று நம்புகிறேன்.

தும்பிக்கு என்னவோ கோளாறு. ரிமோட்டை அமுக்கினால் மருத்துவமனை ஹெலிகாப்டர் தளம், பறக்கத் தடை என்று சிவப்பு எழுத்தில் வருகிறது. இந்த ஊரில் ஹெலிகாப்டரைச் சினிமாவில்தான் பார்த்திருக்கிறோம். கம்பெனியில் எவனோ தூக்கத்தில் வேலை பார்த்திருக்கிறான். நீ அங்கே இருந்துகொண்டு இப்படி நடக்கலாமா? காசு கொடுத்து வாங்கிய பொருளை என் வீட்டு மாடியில் நான் விடக்கூடாது என்று சொல்ல இவர்கள் யார்?

தடையைத் திறக்க விண்ணப்பம் போடலாமாம். அதில் காரணம் எழுதச் சொல்கிறார்கள். நான் பொழுதுபோக்குக்குப் பறக்கவிடுகிறவன், எனக்கென்ன காரணம்? நீயே பார்த்து நல்லதாக ஒரு காரணம் எழுதித் திறந்துவிடு. காலை வேளைகளில் எனக்குப் பொழுதே போகவில்லை.

உன் அக்கா கொஞ்ச நாளாகச் சரியாகப் பேசுவதில்லை. ரத்த அழுத்தம்தான் என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
அத்தான்


ஜூன் 24

மரியாதைக்குரிய அத்தானுக்கு,

சுகம், சுகம் கேட்டதாகவும் வைத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்தில் காரணத்தைப் பறக்கவிடுகிறவர்தான் எழுத வேண்டும், வேறொருவர் எழுத முடியாது. எந்த இடத்துக்கு மேலே, எந்த வேளையில், எதைப் பார்க்க என்று தெளிவாக எழுத வேண்டும். தயங்காமல் எழுதி அனுப்புங்கள். உங்கள் பகுதி விண்ணப்பங்கள் என் மேசைக்குத்தான் வரும். நானே வாசிப்பேன்.

முட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுண்டு


ஆகஸ்ட் 8

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வீட்டுக்கு வந்தது. வந்த கடிதத்தை உரக்க வாசிப்பதுதானே அவர் வழக்கம். இதை மட்டும் மனசுக்குள் வாசித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். என்ன எழுதியிருக்கிறான் என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, முட்டியப் பாத்துக்கச் சொல்றான்" என்றார். மறுநாள் பார்த்துச் சொல்லி வைத்த மாதிரி முட்டிவலி திரும்பிவிட்டது. விண்ணப்பம் எதுவும் போடவில்லை. தும்பி பெட்டிக்குள் போய் அலமாரிக்கு மேலே ஏறிவிட்டது. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கு உப்புக் காரம் பற்றி மட்டும் பேசிக்கொள்கிறோம்.

இனித் தூக்கம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. தையல்காரப் பெண் தார்ப்பாயை இன்னும் கழற்றவில்லை. துணி காயப்போடும்போதெல்லாம் நான் அதைத்தான் பார்க்கிறேன்.

இன்னொன்று. இங்கே ஒரு போட்டோக்காரர் இருக்கிறார். வீடு, மனை விற்கிறவர்களுக்கு மேலேயிருந்து படம் பிடித்துக் கொடுப்பது அவர் பிழைப்பு. அவர் கிளினிக்குக்கு வந்து, உங்கள் மாடியில் ஹெலிகாப்டர் எங்கே இறங்குகிறது, அதனால் என் வேலை கெடுகிறது என்று கேட்டார். டாக்டர் வெளியே வந்து, "பல்லு புடுங்கிக்க ஹெலிகாப்டர்ல வர்ற அளவுக்கு எனக்குப் பேரு கிடைச்சிருச்சா?" என்று சிரித்தார். காத்திருந்தவர்கள் வீங்கின கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சுண்டு. அந்தப் போட்டோக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

அந்த மனுஷன் வயிற்றில் அடிக்க நான் யார்? வட்டத்தை எடுத்துவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எடுத்துவிடு என்று எழுதவும் முடியவில்லை.

அக்கா


செப்டம்பர் 19

அன்புள்ள அக்கா,

நீ மாத்திரை போட்டுக்கொண்டு இதை வாசி.

கம்பெனி எல்லா வட்டங்களையும் எடுக்கப் போகிறது. அக்டோபர் பிறந்ததும், எந்த ட்ரோனையும் நாங்கள் தடுக்கமாட்டோம். எச்சரிக்கை மட்டும் திரையில் வரும், கட்டைவிரலால் ஒரு தட்டுத் தட்டினால் அது போய்விடும். எங்கே பறப்பது, எங்கே பறக்கக்கூடாது என்பது பறக்கவிடுகிறவரின் பொறுப்பாம். போட்டோக்காரருக்கு நல்லதுதான். விமான நிலையத்துக்கே வட்டம் இல்லை என்னும்போது பல் கிளினிக்குக்கு என்ன இருக்கப் போகிறது? இனி என்னால் ஆகக்கூடியது ஒன்றும் இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். தார்ப்பாய் பற்றி நீ எழுதியபோதே எனக்குப் புரிந்துவிட்டது. காக்கையை வைத்துச் சிரிப்பு மூட்டி எழுதினேன். நான் கேட்டால் நீ சொல்லிவிடுவாயோ என்று பயம். நீ சொல்லிவிட்டால் அத்தானிடம் நான் பேச வேண்டி வரும். என்னைப் படிக்க வைத்தவர், எனக்கு வேலை கிடைத்தபோது டிப்போ முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவர். அவர் முகத்தைப் பார்த்துப் பேசத் துணியாமல், பொய்யாக ஒரு ஹெலிகாப்டரைக் கொண்டுவந்து இறக்கினேன். அந்தப் பெண்ணுக்கு வணக்கம் சொல்லச் சொன்னேனே, அதை நினைத்தால் என்மேல் எனக்கே வெட்கமாக இருக்கிறது. ட்ரோனை வாங்கி அனுப்பியதும் நான்தான்.

உனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை அக்கா.

சுண்டு


அக்டோபர் 6

அன்புத் தம்பி சுண்டுவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? எனக்கு நேற்றுப் பார்த்ததில் ரத்த அழுத்தம் குறைந்திருக்கிறது. ஏன் என்று எனக்கும் விளங்கவில்லை.

தடை நீங்கிய செய்தி அவருடைய டேப்லெட்டுக்கே வந்துவிட்டது. தும்பி அலமாரியைவிட்டு இறங்கியது. அவர் பேட்டரிக்குச் சார்ஜ் போட்டுவிட்டு விசில் அடித்துக்கொண்டே செருப்பைத் துடைத்தார். மறுநாள் காலை, கிளினிக்கில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு நான் பின் தெருவுக்குப் போனேன்.

அவள் மாடியில்தான் இருந்தாள், துணி அலசிக்கொண்டு. படியேறும்போது பேசவேண்டியதையெல்லாம் மனசுக்குள் கோத்து வைத்திருந்தேன். அவளைப் பார்த்ததும் எல்லாம் போய்விட்டது. "அந்த வண்டு எங்க வீட்டுது. பசங்க யாரும் இல்ல. என் வீட்டுக்காரர்தான்" என்றேன்.

அவள் வாளியைக் கீழே வைத்தாள். "தெரியும்க்கா. எந்த மாடியிலேர்ந்து ஏறுதுன்னு எனக்குப் பாக்கத் தெரியாதா? நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். அன்னைக்கு அளவு எடுக்கும்போதும் அதுக்குத்தான் கேட்டேன்."

எனக்கு அங்கேயே தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. "அப்புறம்தான் நின்னு போச்சே, தார்ப்பாய ஏன் கழட்டல?" என்று கேட்டேன், கேட்க வேறு ஒன்றும் தெரியாமல்.

"நின்னு போச்சு. ஏன் நின்னுச்சுன்னு யாரும் சொல்லலியே. அது தெரிஞ்சாத்தானே கழட்ட முடியும்."

அப்போது சத்தம் கேட்டது. எங்கள் மாடியிலிருந்துதான். அவள் சட்டென்று படிக்கட்டு அறைக்குள் போய்விட்டாள். அவள் உடம்பு அதற்குப் பழகியிருந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. நான் போகவில்லை. தார்ப்பாய்க்குப் பக்கத்தில் வெட்டவெளியில் நின்றேன். தும்பி நேராக வந்து என் தலைக்கு மேலே நின்றது. நான் அண்ணாந்து பார்த்தேன். கையை ஆட்டவில்லை, திட்டவில்லை. திரையில் என் முகம் எவ்வளவு பெரிதாக இருந்ததோ தெரியாது. வட்டத்தின் விளிம்பில் அப்படியே நின்றுவிடும் என்று எழுதினாயே, அந்த மாதிரி அது அசையாமல் நின்றது. பிறகு மெதுவாகத் திரும்பிப் போனது.

வீட்டுக்கு வந்தேன். அவர் மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்திருந்தார், மடியில் ரிமோட். "நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு" என்றார். "எனக்கு மார்ச் மாசத்துலேர்ந்து அப்படித்தான் இருக்கு" என்றேன். இத்தனை வருஷம் கூட இருந்தும், அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை. டேப்லெட்டை எடுத்து என் கையில் கொடுத்து, "நீயே அழிச்சிடு" என்றார். நான் வாங்கவில்லை. "நீங்க எடுத்தது, நீங்களே அழிங்க. நான் பாத்துக்கிட்டு நிக்கிறேன்" என்றேன். அழித்தார்.

பிறகு சொன்னேன்: "அவ வீட்டு வாசலுக்குப் போய், செஞ்ச தப்ப நீங்க சொல்லணும். உள்ள போக வேண்டாம். வாசல்ல நின்னு சொன்னாப் போதும்."

"தெருவுல நாலு பேரு பாப்பாங்களே" என்றார்.

"பாக்கட்டும்" என்றேன்.

இன்னும் போகவில்லை, சுண்டு. சட்டையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போகிறார், திரும்பி வந்து உட்காருகிறார். இதை நான் வீட்டிலேயே, அவருக்கு எதிரே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். நீ இனிமேல் வீட்டு முகவரிக்கே எழுது. தபால்பெட்டியில் தண்ணீர் இறங்குவதும் பொய்தான். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத ஆசை, ஆனால் கொஞ்சம் இருக்கிறது. அது போனதும் சொல்கிறேன். முதுகைப் பார்த்துக்கொள்.

கடிதத்தை அவரிடம் கொடுக்கப் போகிறேன். கீழே வழக்கம்போல அவருக்கு இடம் விட்டிருக்கிறேன்.

அக்கா

பின்குறிப்பு: மாப்பிள்ளை, உன் அக்கா எழுதியதை வாசித்தேன். எல்லாம் நிஜம். செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறேன்.